மணலுக்குள் இருந்த சாட்சி



பழைய மோட்டார் வண்டி ஒன்றைப் புதுப்பிக்கப் புகுபவன் முதலில் ஒரு கணக்குப் போடுகிறான். இத்தனை அடி தகடு, இத்தனை படி வண்ணம், இத்தனை நாட் கூலி என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்கிறான். இவ்வளவுதானே என்று துணிகிறான். அந்தத் தாளைப் பின்னாளில் அவன் எடுத்துப் பார்ப்பதில்லை. பார்க்க அவனுக்கு நாணமாயிருக்கும். இதை நான் பிறர்மேல் வைத்துக் கூறவில்லை; என்மேல் வைத்தே கூறுகின்றேன்.

என் பெரியப்பா பாளையங்கோட்டையில் வழக்கறிஞராக விளங்கியவர். 1951-இல் அவர் வாங்கிய ஆங்கில நாட்டு வண்டி ஒன்று, அவர் மறைவுக்குப் பின் மாட்டுக் கொட்டிலில், வைக்கோற் கட்டுகளுக்குத் துணையாக நெடுங்காலம் கிடந்தது. அதனை மீண்டும் ஓடச் செய்ய வேண்டும் என்ற ஆசை சில ஆண்டுகளுக்கு முன் எனக்குப் பிறந்தது. எல்லோரும் எஞ்சினைக் காட்டியே என்னை அச்சுறுத்தினர். எஞ்சினோ ஒரு திங்களுக்குள் இணங்கிவிட்டது. தொல்லை முழுதும் தகட்டிலிருந்து வந்தது. கதவின் கீழ்ப்பகுதியைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்த மெக்கானிக், "ஐயா, இது தகடே இல்லை, பட்டி" என்றார். துருவேறி ஓட்டையான இடத்துக்குப் புதுத் தகடு வைத்து ஒட்டாமல், பட்டியை அப்பித் தேய்த்து, அதன்மேல் வண்ணம் பூசி, எவரோ என்றோ பெரியப்பாவிடம் பணம் வாங்கிச் சென்றிருக்கிறார். உள்ளே தரைவிரிப்பை எடுத்தோம்; பூமி தெரிந்தது. இருக்கைக்கு அடியில் எலிகள் மூன்று தலைமுறை வாழ்ந்திருந்தன.

இவையெல்லாம் செலவு சம்பந்தமான தொல்லைகள். கடைசியாக அடிச்சட்டத்தைச் சுரண்டித் துப்புரவு செய்தபோதுதான், பணத்தால் தீராத ஒன்று எதிர்ப்பட்டது. ஸ்டீரிங் பெட்டியை அடிச்சட்டத்தோடு பிணைக்கும் இடத்தில் ஒரு விரிசலும், அதன்மேல் ஓர் ஒட்டுத் தகடும் இருந்தன. அந்தத் தகட்டை வெட்டி எறிவதா, வைத்துக் கொள்வதா என்று மெக்கானிக் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதைப் பின்னர்ச் சொல்லுகிறேன். அன்றிரவு, முன்பு நான் படித்திருந்த வேறொரு வண்டியின் வரலாறு நினைவுக்கு வந்து என் உறக்கத்தைக் கெடுத்தது. அந்த வரலாறே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

வேல்ஸ் நாட்டின் தென்கரையில், காமார்தன்ஷயர் மாவட்டத்தில், பெண்டைன் என்னும் சிற்றூர் உள்ளது. கடல் வற்றும் வேளைகளில் அங்கே ஏறத்தாழ 7 மைல் நீளத்துக்கு, வண்டிச் சக்கரம் புதையாத கெட்டியான மணற்பரப்பு வெளிப்படும். மணிக்கு 150 மைல் வேகத்தில் ஓடக்கூடிய நேரான சாலை அந்நாளில் இங்கிலாந்தில் எங்கே இருந்தது? ஆதலால், உலகிலேயே விரைவாகத் தரையில் ஓடியவன் என்ற பெயரை விரும்பியவர்கள் கடற்கரையைத் தேடி வந்தனர். மால்கம் காம்ப்பெல் 1924-இலும் 1925-இலும் பெண்டைன் மணலில்தான் தம் சாதனைகளை நிறுவினார். 1926 மார்ச்சில் ஹென்றி சீகிரேவ் சவுத்போர்ட் கடற்கரையில் மணிக்கு 152.33 மைல் ஓடி அதனை விஞ்சினார். அடுத்த மாதமே ஜே. ஜி. பாரி தாமஸ் பெண்டைனுக்கு வந்தார்.

தாமஸ் பந்தயக்காரராகப் பிறந்தவர் அல்லர், பொறியாளர். 1884-இல் ரெக்ஸம் என்னும் ஊரில் ஒரு கிறித்தவ சமய ஊழியரின் மகனாகப் பிறந்தவர். லேலண்டு நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராகத் திகழ்ந்து, எட்டு உருளைகள் ஒரே வரிசையில் அமைந்த புகழ்பெற்ற கார் ஒன்றை அங்கே வடிவமைத்தவர். பின்னர் அவ்வேலையை விடுத்து, புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தின் வளாகத்துக்குள்ளேயே ஒரு வீட்டில் குடியேறி, வண்டிகளைத் திருத்துவதும் ஓட்டிப் பார்ப்பதுமாக வாழ்ந்தார். தாம் வரைந்ததைத் தாமே ஓட்டிச் சோதித்தவர் என்ற இச்செய்தியை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் பழி அவரை எங்கே சுட்டிருக்கும் என்பது அப்பொழுதுதான் விளங்கும்.

அவர் கொண்டுவந்த வண்டி அவர் முதலிலிருந்து செய்ததன்று. லூயி ஸ்பொரோவ்ஸ்கி என்னும் செல்வச் சீமான் கான்டர்பரிக்கு அருகே தமது ஹையம் மாளிகையில் கட்டிய வண்டி அது. விமான எஞ்சின்களைக் கார்களில் பூட்டி ஓட்டுவது அவருக்கு விளையாட்டு. 'சிட்டி பேங் பேங்' என்ற பெயரைச் சிறுவர் நூலாலும் திரைப்படத்தாலும் அறிந்தவர்கள் உங்களில் இருக்கலாம். அந்தப் பெயரில் முதன்முதல் ஓடிய வண்டியும் அவருடையதே. ஹையமில் கட்டிய பெருவண்டிக்கு அவர் பூட்டியது அமெரிக்க நாட்டு லிபர்ட்டி எஞ்சின். முதல் உலகப் போரின் விமானங்களுக்காக 1917-இல் வடிவமைக்கப்பட்டது அது, 12 உருளைகள், கொள்ளளவு 27 லிட்டர். நம் தெருக்களில் ஓடும் சிறு கார்களின் எஞ்சின் 1 லிட்டர் அளவே என்பதை எண்ணினால் இதன் பருமன் தெரியும். 1924-இல் இத்தாலியின் மொன்சா பந்தயத்தில் ஸ்பொரோவ்ஸ்கி உயிர் நீத்தார். வண்டி விலைக்கு வந்தது. தாமஸ் அதனை 125 பவுனுக்கு வாங்கினார். நான்கு கார்புரேட்டர்களையும் தாமே வடிவமைத்த பிஸ்டன்களையும் பொருத்தி, மேற்கூட்டையும் மாற்றி, 'பாப்ஸ்' என்று செல்லப் பெயரிட்டார்.

ஒன்றை மட்டும் அவர் மாற்றவில்லை. எஞ்சினின் ஆற்றல் பின்சக்கரங்களுக்குச் சங்கிலிகள் வழியாகச் சென்றது. மிதிவண்டியில் நீங்கள் காணும் ஏற்பாடேதான். ஆனால் இங்கே ஓட்டுநரின் இருபுறமும் ஒவ்வொரு கனத்த சங்கிலி. பழைய பெரும் பந்தய வண்டிகளில் இது வழக்கமே. அதனோடு எஞ்சினின் மூடி மிகவும் உயரமாயிருந்ததால், முன்னே பார்ப்பதற்குத் தாமஸ் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருந்தது.

1926 ஏப்ரல் 27-ஆம் நாள் பாப்ஸ் மணிக்கு 169.30 மைல் ஓடியது. மறுநாள் 171.02 மைல். 1927 பிப்ரவரி 4-ஆம் நாள் காம்ப்பெல் அதே மணலில் 174.88 மைல் ஓடி அப்புகழைப் பறித்துக்கொண்டார். வேற்றுமை நான்கு மைலுக்கும் குறைவு! ஒரு மாதம் கழிவதற்குள் தாமஸ் பாப்சுடன் திரும்பி வந்தார். மார்ச்சு 3-ஆம் நாள் ஓட்டத்தின் நடுவே வண்டி நிலை தவறிக் கவிழ்ந்தது. தலையிற் பட்ட காயத்தால் அவர் இறந்தார். தரைவேகச் சாதனையை நாடி உயிர் துறந்த முதல் ஓட்டுநர் அவரே. அம்மாத இறுதியில், அதாவது 29-ஆம் நாள், சீகிரேவ் அமெரிக்காவின் டேட்டோனா கடற்கரையில் 203.79 மைல் ஓடிவிட்டார். இரண்டு நண்பர்கள் மாறி மாறித் துரத்திய அந்த எண் நான்கே வாரங்களில் பழங்கதையாயிற்று.

விபத்துக்குக் காரணம் என்ன? உலகம் ஒரு விடையை உடனே கண்டுபிடித்தது. வலப்புறச் சங்கிலி அறுந்து, சாட்டைபோல் மேலே வீசி, சாய்ந்திருந்த அவர் தலையைத் தாக்கியது என்பதே அவ்விடை. கேட்டவர் எவரும் ஐயுறவில்லை. சங்கிலி வெளியே தெரிந்தது. தலை பக்கமாகச் சாய்ந்திருந்தது. காயம் தலையில் இருந்தது. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? ஆனால் இந்த விடைக்குள் ஒரு தீர்ப்பும் ஒளிந்திருந்தது. தம் தலைக்கருகே கொலைக்கருவியைப் பூட்டிக்கொண்டு ஓடிய பொறியாளர் இவர் என்பதே அத்தீர்ப்பு. நூல்கள் அதனை எழுதின. பிள்ளைகள் அதனைப் படித்தனர்.

இறப்பு விசாரணை முடிந்தபின் வண்டியை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. நினைவுப் பொருள் என்று சொல்லி அதனைப் பிய்த்து எடுத்துச் செல்வோர் எந்நாட்டிலும் உண்டு. நண்பர்கள் ஒரு முடிவு செய்தனர். இருக்கைகள் கிழிக்கப்பட்டன, அளவுமானிகளின் கண்ணாடிகள் உடைக்கப்பட்டன, பெண்டைன் மணல்மேட்டில் பெருங்குழி தோண்டிப் பாப்சைப் புதைத்துவிட்டனர். தாமஸின் உடல் அங்கே இல்லை. அது புரூக்லண்ட்சுக்கு அருகே பைஃப்லீட் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. ஆயினும் ஊர் மக்களுக்கு மணல்மேடும் ஒரு கல்லறையாகவே தோன்றியதில் வியப்பில்லை.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன. பேங்கர் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் விரிவுரையாளராயிருந்த ஓவன் வின் ஓவன் என்பவருக்கு அவ்வண்டியை வெளியே எடுத்துப் புதுப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் தோன்றியது. அவர் சந்தித்த முதல் இடையூறு துருவன்று, மனிதர்கள். புதைத்த இடம் இராணுவத்தின் சோதனைக் களத்துக்குள் அடங்கிப் போயிருந்தது. எனவே இராணுவத்தின் இசைவு வேண்டும். இறந்தவரின் உறவினர் எவரேனும் உளரா என்று தேட வேண்டும். அவர்கள் ஒப்ப வேண்டும். உறவுப் பெண்மணி ஒருவர் கண்டறியப்பட்டு இசைவு தந்தார். புதைத்ததைத் தோண்டுவது இறந்தவரை அவமதிப்பதாகும் என்றும் பலர் வருந்தினர். நேர்மையாகச் சொல்வதானால், இந்த வரலாற்றை முதலிற் படித்தபோது நானும் அவர்கள் பக்கமே இருந்தேன். நண்பர்கள் துயரத்தோடு மூடிய குழியைத் திறப்பதற்கு ஒரு காரின்மேல் உள்ள ஆசை போதுமான காரணமா என்று எண்ணினேன்.

1969-இல் குழி திறக்கப்பட்டது.

வெளியே வந்தது கார் அன்று, காரின் எலும்புக்கூடு. மேற்கூடு பெரும்பாலும் அரித்துப் போயிருந்தது. வியப்பு என்னவென்றால், உள்ளே இருந்த கனத்த பொறியுறுப்புகள் பல மீட்டுப் பயன்படுத்தத் தக்க நிலையில் இருந்தன. உப்பு மணலில் நாற்பதாண்டு கிடந்தது முழுதும் பொடியாகியிருக்கும் என்றன்றோ நாம் எண்ணுவோம்? வேதியியல் பயில்வோர் இங்கே சற்று நிற்கலாம். இரும்பு துருப்பிடிக்க நீரும் வேண்டும், காற்றிலுள்ள உயிர்வாயுவும் வேண்டும். ஈரமணலில் ஆழப் புதைந்த பொருளுக்கு உயிர்வாயு அரிதாகவே கிட்டும். அதனால் கனத்த எஃகு தப்பிப் பிழைக்க இடமுண்டு. மெல்லிய தகட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. சிறிது அரித்தாலே அது முடிந்துபோகிறது. இதனினும் கொடியது, இரு உலோகங்கள் அடுத்தடுத்து இருப்பது. எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு உப்பு நீரில் நனைந்தால் அங்கே ஒரு மின்கலமே உருவாகிவிடுகிறது. அதில் அலுமினியம் தன்னை இழந்து எஃகைக் காக்கிறது. லிபர்ட்டி எஞ்சினின் உருளைகள் எஃகினால் ஆனவை. அவை நிற்கும் பெட்டி அலுமினியக் கலவை. மீட்பவனுக்கு இதைவிட மனக்கவலை தரும் அமைப்பு வேறில்லை.

இன்னொன்று உண்டு. இதைத்தான் பழைய பொருளைக் கையாளும் எவரும் எதிர்பார்ப்பதில்லை. மண்ணுக்குள் அமைதியாகக் கிடந்த இரும்பு வெளிக்காற்றைக் கண்டதும் விரைந்து அழியத் தொடங்கும். உள்ளே ஊறிய உப்பும் புதிதாய்க் கிடைத்த உயிர்வாயுவும் சேர்ந்து, நாற்பதாண்டில் நடவாததைச் சில திங்களில் நடத்திவிடும். கடலடிப் பீரங்கிகளை எடுக்கும் தொல்லியலார் அவற்றை உலரவிடாமல் நெடுநாள் நீரில் ஊறவைத்து உப்பை நீக்குவது இதனாலேயே. மீட்பு என்பதே அழிவின் தொடக்கமாகிவிடக் கூடும்.

உடைந்த ஒவ்வோர் உறுப்பையும் கையிலெடுக்கும்போது மீட்பவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இதை உடைத்தது யார்? பாப்சைப் பொறுத்தவரை மூவர்மீது ஐயம் கொள்ளலாம். 1927 மார்ச்சு 3-ஆம் நாள் நிகழ்ந்த விபத்து ஒன்று. புதைப்பதற்கு முன் கண்ணாடிகளை உடைத்த மனிதக் கைகள் இரண்டு. நாற்பத்திரண்டு ஆண்டு மணலும் உப்பும் மூன்று. கிழிந்த இருக்கையைக் கண்டு, விபத்து எத்துணைக் கொடியது என்று எழுதினால் பிழை; அதைக் கிழித்தது கத்தி. இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்த அழிவுகளைப் பிரித்தறிவது ஓர் ஓலைச்சுவடியில் எழுதியவன் பிழையையும், படியெடுத்தவன் பிழையையும், செல்லரித்த இடத்தையும் பிரித்தறிவது போன்ற வேலைதான்.

அவ்வாறு பிரித்துப் பார்த்தபோது, உலகம் நம்பிய சங்கிலிக் கதை ஆட்டம் கண்டது. வண்டியின் சிதைவையும் விபத்தின் அடையாளங்களையும் ஆராய்ந்ததில், வலப்புறப் பின்சக்கரம் முதலில் முறிந்திருக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. சக்கரம் போனதால் வண்டி நிலை தவறிக் கவிழ்ந்தது. கவிழ்ந்து சறுக்கிச் சென்றபோதே தலையிற் காயம் ஏற்பட்டது. சங்கிலி அறுந்தது காரணம் அன்று. இதனை நேரிற் கண்டு உறுதி கூறுவார் இன்று ஒருவருமில்லை. ஆயினும் தம் தலைக்கருகே தாமே கொலைக்கருவியைப் பூட்டினார் என்னும் பழி, நாற்பதாண்டு எதிர்ப்பாரின்றி நின்ற பழி, பொறியாளர் ஒருவரின் பெயரிலிருந்து பெரும்பகுதி கழன்று வீழ்ந்தது. புதைத்த நண்பர்கள் அவருடைய வண்டியை மட்டும் புதைக்கவில்லை. அவருக்காகப் பேசக்கூடிய சாட்சியையும் சேர்த்தே புதைத்திருந்தனர். தோண்டியதை நான் குறை கூறாமல் விட்டது இந்த இடத்தைப் படித்தபின்தான்.

ஆனால் இங்கே ஓவனைப் போன்றோர் தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்று எழுகின்றது. சக்கரம் முறிந்தவாறே இருந்தால் அது சான்று, வண்டி ஓடாது. புதுச் சக்கரம் பூட்டினால் வண்டி ஓடும். அது இனி எதற்கும் சான்றாகாது. 1926 ஏப்ரலின் பாப்சை மீட்பதா, 1927 மார்ச்சின் பாப்சைக் காப்பதா? இரண்டையும் ஒருங்கே செய்தல் இயலாது. ஓவன் ஓடும் வண்டியைத் தேர்ந்தார். கடையில் உதிரி உறுப்புக் கேட்க வழியில்லை. உலகில் ஒன்றே ஒன்றாய்ச் செய்யப்பட்ட வண்டியன்றோ அது! ஆண்டுகள் பல உழைத்து, மேற்கூட்டைப் புதிதாய்ச் செய்து, அழியாத உறுப்புகளை மீட்டு, அந்த 27 லிட்டர் எஞ்சினை மீண்டும் முழங்கச் செய்தார். பெண்டைன் அருங்காட்சியகத்திலும் புரூக்லண்ட்சிலும் பாப்சை மக்கள் கண்டிருக்கின்றனர். பார்க்கும் தகட்டில் எவ்வளவு பழையது, எவ்வளவு புதியது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நம் கோயில் தேரில் சக்கரம் மாற்றி, அச்சு மாற்றி, கால் மாற்றிய பின்னும் அதனை அதே தேர் என்று வடம் பிடிக்கும் நமக்கு அந்தக் கேள்வி அவ்வளவு தொல்லை தராது. எனக்குத் தொல்லை தருவது முறிந்த சக்கரம்தான். பழுது பார்ப்பதற்கு முன் அளந்து, படம்பிடித்து, கழற்றியதை எறியாமல் வைப்பது அத்துணை இன்றியமையாதது என்பதை நான் அந்தச் சக்கரத்திடமிருந்தே கற்றேன்.

இனி என் பெரியப்பாவின் வண்டிக்கு வருகிறேன்.

1963-இல் அது கயத்தாற்றுக்கு அருகே ஒரு புளியமரத்தில் மோதியது. உயிர்ச்சேதம் இல்லை. ஓட்டியவர் எங்கள் வீட்டில் பன்னிரண்டு ஆண்டு வேலை பார்த்த டிரைவர். "ஸ்டீரிங் கேட்கவில்லை, ஐயா" என்று அவர் சொன்னாராம். தூங்கிவிட்டான் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அவர் வேலையை விட்டு நீக்கப்பட்டார். அதன்பின் அந்த ஊரில் எவரும் அவரை டிரைவராக வைத்துக்கொள்ளவில்லை. நாங்கள் சிறுவர்களாயிருந்தபோது, பந்தியில் யாரேனும் கண்ணயர்ந்தால் அவர் பெயரைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். நானும் சிரித்திருக்கிறேன்.

விபத்துக்கு முன் அந்த வண்டியின் நிறம் பச்சை. செப்பனிட்ட பின்னர்த்தான் பெரியப்பா கறுப்பு அடிக்கச் செய்தார். நான் சொன்ன ஒட்டுத் தகட்டில், கறுப்புக்கு அடியில் பச்சை இருந்தது. யாரோ விரிசலுக்கு ஒட்டுப் போட்டு, மிச்சமிருந்த வண்டி வண்ணத்தையே அதன்மேலும் பூசியிருக்கிறார்கள். அப்படியானால் விபத்துக்கு முன்பே அந்த விரிசல் இருந்திருக்கிறது; எவரோ அதனை அறிந்தும் இருக்கிறார்கள். ஒட்டின் ஒரு விளிம்பு பற்று விட்டிருந்தது. மரத்தில் மோதுவதற்கு முன் விட்டதா, மோதியபின் விட்டதா என்பதை அந்த இரும்பு எனக்குச் சொல்லவில்லை. சொன்னதாக நான் இங்கே கூறினால், சங்கிலிக் கதை சொன்னவர்களுக்கும் எனக்கும் வேற்றுமை இராது. ஆயினும் "தூங்கிவிட்டான்" என்ற சொல்லை இனி என்னால் சொல்ல முடியாது.

தகட்டை வெட்ட வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் கூறினேன். வேறு அடிச்சட்டத் துண்டு கிடைக்கும்வரை வேலை நின்றது. டிரைவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. அவருடைய மகன் மேலப்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார் என்று விசாரித்து அறிந்து, ஒருநாள் மாலை போய்ச் சொன்னேன். அவர் கடையைச் சாத்தவில்லை. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த டியூபைக் கீழே வைக்கவுமில்லை. நான் சொல்லி முடித்தபின், "அதை ஒருதரம் பார்க்கலாமா, ஐயா?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். மெக்கானிக் டார்ச்சு விளக்கைப் பிடித்தார். இருவருமாக வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, அந்தப் பச்சையை நெடுநேரம் பார்த்திருந்தோம்.